கேட்காமல் தூக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. நானும் என் மனைவியும் இரண்டு ஆண்டுகளாக அடையாறில் வால்ட்ஸ், சல்சா ஆகிய ஜோடி நடனங்களைக் கற்று வருகிறோம். சென்ற மாதம் ஒரு கிளப்பில் நடந்த நடன இரவில், உற்சாக மிகுதியில் அவளைத் தூக்கிச் சுழற்றினேன். பலர் கைதட்டினார்கள். ஆனால் அவளுடைய செருப்பு, அருகில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் தோளில் பட்டுவிட்டது. இனி அப்படிச் செய்யவேண்டாம் என்று ஏற்பாட்டாளர் சொன்னார். வீடு திரும்பும் வரை மனைவி பேசவே இல்லை. இரண்டு மாதத்தில் வரும் எங்கள் வகுப்பின் ஆண்டு விழாவில் அதே லிஃப்டைச் செய்ய விரும்புகிறேன். அது தவறா?
– வாசகர், நங்கநல்லூர்

பதில்: ஆசை தவறில்லை. அதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த இடமும், மனைவியைக் கேட்காமல் செய்ததும்தான் தவறு.

வால்ட்ஸில் எல்லா ஜோடிகளும் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் தளத்தைச் சுற்றி நகர்கிறார்கள். முன்னால் செல்பவர் நகர்ந்துகொண்டே இருப்பார் என்று நம்பித்தான் பின்னால் வருபவர் அடியெடுத்து வைக்கிறார். நீங்கள் தூக்கும் கணத்தில் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது; குதிகால் செருப்பணிந்த இரு கால்கள் மற்றவர்களின் தோள் உயரத்தில் சுழல்கின்றன; அந்தக் கால்களுக்கு உரியவரால் அவற்றை நிறுத்தவும் முடிவதில்லை. கோலாட்டத்தில் ஒருவர் தன் திறமையைக் காட்டக் கோலை ஓங்கி வீசினால் அடி விழுவது அடுத்தவர் விரலில்தானே?

வால்ட்ஸ், டாங்கோ முதலான ஐந்து ஸ்டாண்டர்ட் நடனங்களிலும் ஐந்து லத்தீன் நடனங்களிலும், பல ஜோடிகள் ஒன்றாக ஆடும் சர்வதேசப் போட்டிகளில், லிஃப்டுக்கு அனுமதி இல்லை. துணையின் தாங்குதலால் ஒருவரின் இரு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுந்தாலே அது லிஃப்ட்தான். ஒரு ஜோடி தனித்து ஆடும் ஷோ டான்ஸில் மட்டும் வரம்புக்குட்பட்டு அதை அனுமதிக்கிறார்கள். நியூயார்க்கின் ஹார்லெமில், சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கில், 1935-இல் நடனக் கலைஞர் ஃபிரான்கி மானிங் தன் துணை ஃப்ரீடா வாஷிங்டனை முதுகின் மேலாகப் புரட்டி இறக்கியது, ஸ்விங் இசைக்கு ஆடும் ஜோடி நடனமான லிண்டி ஹாப்பின் வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்ச்சி. அது நடந்தது ஒரு போட்டியில். இருவரும் முன்னதாகவே சேர்ந்து பயிற்சி செய்திருந்தார்கள். அந்த முன்னேற்பாடுதான் உங்கள் நடன இரவில் இல்லாமல் போனது.

ஆண்டு விழா மேடை உங்கள் இருவருக்கு மட்டுமே உரியது என்பதால் அங்கே லிஃப்ட் பொருந்தும். ஆனால் முதலில் மனைவியிடம் கேளுங்கள். ஆசிரியர் முன்னிலையில் கேட்காதீர்கள், அங்கே மறுப்பது அவருக்குச் சங்கடம். வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.

சம்மதித்தால், மெத்தை விரித்து, ஆசிரியர் பக்கத்தில் நிற்கத் தொடங்குங்கள். லிஃப்ட் என்பது ஆணின் கைவலிமை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி வேலை தூக்கப்படுபவருடையது. அவர் முழங்காலை மடக்கித் தாளத்தில் எம்பவேண்டும், வயிற்றையும் முதுகையும் இறுக்கிப் பிடிக்கவேண்டும்; தளர்ந்த உடல் அதே எடையிலும் இரு மடங்கு கனமாகத் தோன்றும். நீங்கள் இடுப்பெலும்பின் மேல் பிடித்து, அவரை உங்கள் உடலோடு ஒட்டி வைத்து, முதுகை வளைக்காமல் கால்களால் எழவேண்டும். கை நீட்டித் தூக்கினால் சுமை முழுவதும் உங்கள் கீழ்முதுகில் விழும். முன்பே முதுகுவலி இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவேண்டாம். இறக்குவதைத் தூக்குவதைவிட அதிகமாகப் பழகுங்கள், ஏனெனில் பெரும்பாலான கணுக்கால் சுளுக்குகளை அங்கேதான் பார்த்திருக்கிறேன். விழாவில் உடுத்தும் உடையிலேயே ஒத்திகை பாருங்கள். வளையலும் ஒட்டியாணமும் வேண்டாம். நம் ஊர் மண்டப மேடைகளில் மின்விசிறி எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது என்பதையும் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிடுங்கள்.

நடன இரவுகளில் பகட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வால்ட்ஸின் மூன்றாவது தாளம் முடியும் வரை குதிகாலை இறக்காமல் முன்பாதத்தில் உயர்ந்து நின்று, பிறகு மெதுவாகத் தாழ்ந்து பாருங்கள்; அறிந்தவர்கள் அதையே திரும்பிப் பார்ப்பார்கள்.

செருப்பு பட்ட பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்காதிருந்தால், அடுத்த நடன இரவில் இசை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.