இரட்டைக் கர்ப்பமும் ஆஸ்பிரின் மாத்திரையும்

கேள்வி: வயிற்றில் இரட்டை என்று தெரிந்ததுமே டாக்டர் ஆஸ்பிரின் எழுதிவிட்டார். எனக்கு பிபி நார்மல்தான். எதற்கு இது?

பதில்: நார்மலாக இருக்கும்போதே தொடங்கினால்தான் இதனால் பலன். 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகம், கல்லீரல் வரை பாதிக்கக்கூடிய பிரீ-எக்லாம்சியா, இரட்டைக் கர்ப்பத்தில் இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. வெளியே தெரிவதுதான் பிந்தி. நஞ்சுக்கொடி கருப்பையில் ஊன்றும் ஆரம்ப மாதங்களிலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை உறையத் தூண்டும் திராம்பாக்சேன் என்ற பொருளைக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கட்டுப்படுத்துகிறது. அதனால்தான் 12 வாரம் ஆனதும், முடிந்தால் 16 வாரத்துக்குள் தொடங்கச் சொல்கிறோம். ஏறிவிட்ட பிபியை இது இறக்காது. அதற்கு வேறு மாத்திரை.

கேள்வி: என் தோழிக்கும் இரட்டைதான். அவளுக்கு எழுதவே இல்லையே?

பதில்: அமெரிக்க வழிகாட்டுதலுக்கு இரட்டை என்ற ஒரு காரணமே போதும். பிரிட்டிஷ் வழிகாட்டுதல் கூடவே இன்னொரு காரணமும் கேட்கிறது: முதல் பிரசவம், 40 வயது, அதிக உடல் எடை, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ பிரீ-எக்லாம்சியா வந்திருப்பது, இப்படி ஏதாவது. என்னைக் கேட்டால், தடை ஏதும் இல்லாத இரட்டைக் கர்ப்பிணிக்கு எழுதிவிடுவேன். ஆஸ்பிரின் அலர்ஜி, வலி மாத்திரை போட்டால் மூச்சிரைப்பு, வயிற்றுப் புண், ரத்தக்கசிவு நோய் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 75-ஆ, 150-ஆ?

பதில்: அமெரிக்காவில் 81 மில்லிகிராம், பிரிட்டனில் 75 முதல் 150 வரை. 150-ஐ இரவில் கொடுத்து நல்ல பலன் கண்ட ஆஸ்ப்ரே ஆய்வு 2017-இல் வந்தது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒற்றைக் குழந்தை சுமந்தவர்கள். அந்த முடிவை இரட்டைக்கு அப்படியே பொருத்திப் பேசுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. உங்கள் எடையையும் மற்ற ஆபத்துகளையும் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: எனக்கு இப்போது 22 வாரம். காலம் கடந்துவிட்டதா?

பதில்: பலன் குறையலாம். ஆனாலும் 28 வாரம் வரை தொடங்க இடமுண்டு. இந்த வாரமே கேளுங்கள்.

கேள்வி: நேற்று போட மறந்துவிட்டேன்.

பதில்: பரவாயில்லை. இன்றைக்கு ஒன்றே போதும், இரண்டாகப் போடாதீர்கள்.

கேள்வி: சிசேரியன் என்றால் ரத்தம் நிற்காமல் போகுமோ?

பதில்: இந்த அளவில் அந்தப் பயம் வேண்டாம். முதுகில் மயக்க ஊசி போடவும் இது மட்டும் தடையாகாது. சிலர் 36 வாரத்தில் நிறுத்துவார்கள், சிலர் பிரசவம் வரை தொடர்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: தலைவலிக்கு இதையே கூட இரண்டு போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இபுப்ரோஃபனும் வேண்டாம். டாக்டர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் போடலாம். அப்புறம், 20 வாரத்துக்கு மேல் விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென முகம் வீங்குவது இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய் பிபி பாருங்கள். ஆஸ்பிரின் போடுபவர்களுக்கும் பிரீ-எக்லாம்சியா வரலாம்.