ஹசியெண்டாவின் நஷ்டமும் பெயரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மான்செஸ்டர் நகரத்து இசை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் ஹசியெண்டா என்ற நைட் கிளப்பை ஏதோ பெரிய பண்பாட்டு மையம் போல எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. போதை மாத்திரைக்குப் பேர்போன இடம், ரவுடிக் கும்பல்கள் துப்பாக்கியோடு நுழைந்த இடம், நடத்தியவர்களுக்கே கடைசிவரை நஷ்டம். இடித்தும் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே ஆடியவர்களின் இளமைக்கால ஏக்கத்தைத் தாண்டி இதில் என்ன வரலாறு இருக்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாத்திரை, துப்பாக்கி, நஷ்டம் மூன்றும் நடந்தவைதான், எதையும் மறுக்கப் போவதில்லை. ஆனால் நஷ்டத்தையும் நீங்கள் குற்றப்பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன், ஏனென்றால் அந்த நஷ்டத்தைத் தாங்க ஆள் இல்லாமல் போயிருந்தால் இன்று நாம் இந்தப் பெயரையே பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

கிளப் திறந்தது 1982 மே 21 அன்று. விட்வொர்த் தெருவில், முன்பு உல்லாசப் படகுகளை விற்பனைக்கு வைத்திருந்த கட்டடம். பணம் போட்டது ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியும் நியூ ஆர்டர் இசைக்குழுவும். விடாப்பிடியாக நின்றவர் குழுவின் மேனேஜர் ராப் கிரெட்டன், கூடவே ஃபேக்டரியின் டோனி வில்சன். அந்த வருஷத்து மான்செஸ்டர் பஞ்சாலைகள் மூடி, கிடங்குகள் காலியாகி, வேலை கிடைக்காத இளைஞர்கள் நிறைந்திருந்த ஊர். உள்ளே இரும்புத் தூண்களில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்திருந்தார் வடிவமைப்பாளர் பென் கெல்லி, தொழிற்சாலைகளில் ஆபத்தான இடத்துக்கு அடிக்கிற அதே பட்டை. ஆலைகள் மூடிப்போன ஊரில், அந்த அடையாளத்தை எடுத்து ஆடுகிற தளத்தில் வைத்த துணிச்சலை நான் என்றும் மதிக்கிறேன்.

ஆனால் கூட்டம் வரவில்லை. பெரிய கூடம், குளிர், சத்தம் சுவரில் மோதித் திரும்பும். 1984 ஜனவரியில் ஒரு டிவி நிகழ்ச்சிக்காக மடோனா அங்கே பாடினார், அதனால்கூட நிலைமை மாறவில்லை. லாபத்தைப் பார்க்கிற எந்த முதலாளியும் இரண்டே வருஷத்தில் பூட்டுப் போட்டிருப்பார். பூட்டாமல் இருக்க முடிந்ததற்குக் காரணம் நியூ ஆர்டரின் இசைத்தட்டுகள். 1983இல் வந்த அவர்களின் ‘ப்ளூ மண்டே’ பன்னிரண்டு அங்குல சிங்கிள்களில், அதாவது தனிப்பாட்டுக்கான பெரிய இசைத்தட்டுகளில், உலகத்திலேயே அதிகம் விற்றது. அப்படி வந்த வருமானத்தில் ஒரு பெரும்பங்கு இந்தக் கூடத்தின் கடனுக்கும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் குழுவில் பாஸ் கிதார் வாசித்த பீட்டர் ஹூக் பிற்பாடு இதையெல்லாம் மனம்விட்டுப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

அந்தப் பணம் வாங்கித் தந்தது காலம். பாதி காலியாகக் கிடந்த அந்த வருஷங்களில்தான் மைக் பிக்கரிங் போன்ற டிஜேக்கள் அமெரிக்காவிலிருந்து வந்த புது இசைத்தட்டுகளைப் போட்டுப் போட்டு ஊரின் காதைப் பழக்கினார்கள். சிகாகோவின் ஹவுஸ், டெட்ராய்ட்டின் டெக்னோ, இரண்டும் மின்னணுக் கருவிகளில் செய்த நடன இசை. 1988இல் ஹவுஸின் ஒரு கிளையான ஆசிட் ஹவுஸ் வெடித்தபோது அதற்குத் தயாராக இருந்த இடம் அதுதான். கதவுக்கு வெளியே நீண்ட வரிசை, உள்ளே வியர்வை. ‘ஒரே ராத்திரியில் வந்த புகழ்’ என்று எழுதுகிறவர்கள் அதற்கு முந்தைய ஆறு வருஷத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்தோடு எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரையும் வந்தது. மாத்திரை போட்டவர்கள் மது குடிக்கவில்லை, தண்ணீர்தான் குடித்தார்கள். கிளப் என்கிற தொழிலுக்கே வருமானம் பார் விற்பனைதான். ஆக, கூடம் நிரம்பி வழிந்த நாட்களிலும் கல்லா நிரம்பவில்லை, காசு மாத்திரை விற்றவர்களிடம் போனது. காசு இருக்கிற இடத்தைத் தேடிக் கும்பல்கள் வந்தன. வாசலில் நிற்பவன் யாரை உள்ளே விடுகிறானோ அவன்தான் உள்ளே விற்க முடியும், அதனால் சண்டை வாசலைக் கைப்பற்றுவதற்கே நடந்தது. 1989 ஜூலையில் அங்கே மாத்திரை சாப்பிட்ட 16 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். இதைச் சொல்லாமல் ஹசியெண்டாவைக் கொண்டாடுகிற கட்டுரைகளை என்னால் படிக்க முடிவதில்லை, அந்த வகையில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. போலீஸ் லைசென்ஸை ரத்து செய்யப் பார்த்தது. வன்முறை தாங்காமல் 1991 தொடக்கத்தில் நிர்வாகமே சில மாதங்கள் மூடி வைத்தது. 1992இல் ஃபேக்டரி திவாலானது, 1997இல் கிளப் நிரந்தரமாக மூடியது, 2002இல் இடித்தார்கள். அந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் ஹசியெண்டா என்றே பெயர் வைத்து விற்றார்கள்.

எனக்கு இருக்கிற வருத்தம் வேறு. மான்செஸ்டரின் பெருமை என்று சொல்லும்போது, அந்த இசையை உண்டாக்கியவர்கள் பின்னால் தள்ளப்படுகிறார்கள். 1977இல் சிகாகோவில் ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் போட்ட பாட்டுக்கு ஆடியவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க தன்பாலின ஆண்கள், வேறு பல இடங்களில் வாசலிலேயே தடுக்கப்பட்டவர்கள். ஹவுஸ் பிறந்தது அவர்களிடம். அந்தக் கட்டடத்தைச் சிகாகோ நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது 2023இல்தான். மான்செஸ்டரிலும் ஹவுஸை ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்டவர்களில் அந்த ஊரின் கறுப்பின இளைஞர்கள் முக்கியமானவர்கள். அப்புறம் கிதார் குழுக்கள் புகழ் பெற்றதும் பத்திரிகைப் படங்களில் தொளதொள பேன்ட் போட்ட வெள்ளைக்காரப் பையன்கள் மட்டுமே மிஞ்சினார்கள். ஹசியெண்டாவின் பெயரைப் பற்றி ஒரு வழக்குப் போடவேண்டும் என்றால் நான் இதற்குத்தான் போடுவேன்.

ஏக்கம்தானா என்று கேட்டீர்கள். அங்கே ஆடியவர்களுக்கு அதுவும் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு குழு தன் பாட்டில் வந்த பணத்தைத் தன் ஊரில் ஒரு பொது இடத்துக்காகப் பதினைந்து வருஷம் கொட்டியதும், அதனால் வேறொரு கண்டத்து இசை அங்கே வேர்விட்டதும் ஏக்கம் இல்லாமலே படிக்க வேண்டிய வரலாறு.

ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமானால் கேட்டுப் பாருங்கள். முதலில் சிகாகோவிலிருந்து மார்ஷல் ஜெஃபர்சனின் ‘மூவ் யுவர் பாடி’, அடுத்து டெட்ராய்ட்டின் டெரிக் மே தந்த ‘ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்’, அதன் பிறகு 1988இல் மான்செஸ்டரின் கறுப்பின இளைஞர் ஒருவர் ‘எ கை கால்ட் ஜெரால்ட்’ என்ற பெயரில் செய்த ‘வூடூ ரே’. இந்த வரிசையிலேயே கேளுங்கள், நல்ல ஹெட்போனில். கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள், உடன்பாடு வராவிட்டாலும் எழுதுங்கள்.