பெட்டியைக் கலைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 43. அம்மா தவறிப் பத்து மாதம் ஆகிறது. கும்பகோணம் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகள் இறங்கின. உள்ளே ராணிமுத்து, மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் என்று மாத நாவல்கள் 700-க்குக் குறையாது. நடுநடுவே தம்பியின் முத்து காமிக்ஸும் ராணி காமிக்ஸும். நிறைய இதழ்களின் முதல் பக்கத்தில் அம்மா பென்சிலால் ஏதேதோ குறித்து வைத்திருக்கிறார். ஒன்றில் கடைசிப் பக்கங்களே இல்லை. "முடிவு கிடைக்கலை" என்று எழுதியிருக்கிறார். பெட்டி அடியில் அட்டை போன பழைய புத்தகங்கள் நாலைந்து கிடந்தன. பாட்டியுடையதாக இருக்கும், "ஜகன்மோகினி" என்று போட்டிருக்கிறது.

என் கணவர் எடைக்குப் போடச் சொல்கிறார். தம்பி எல்லாவற்றையும் பைண்ட் செய்துவிடலாம் என்கிறான். விசாரித்து வந்த பழைய புத்தக வியாபாரி மொத்தத்துக்கும் 12,000 ரூபாய் பேசினார். "அடியில் இருக்கிற அட்டையில்லாத குப்பையையும் நானே அள்ளிட்டுப் போயிடறேன்மா" என்றும் சொன்னார். இதற்குள் எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. விட்டுப்போன இதழ்களைத் தேடித் தேடி வாங்குகிறேன். கூரியர் வந்தால் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த வியாபாரிக்கு ஒரு போன் போட்டு, இப்போதைக்குக் கொடுக்கிற உத்தேசம் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அவரைக் குற்றம் சொல்லவில்லை, பிழைப்பு அது. ஆனால் இத்தனை துப்பறியும் நாவல் படித்த வீட்டில் வளர்ந்தவர் நீங்கள், ஒன்றைக் கவனித்திருக்க வேண்டாமா? 700 புத்தகத்துக்கு விலை பேசிய மனிதர், குப்பையை மட்டும் ஏன் தானே வந்து அள்ளிப்போகிறேன் என்கிறார்?

ஜகன்மோகினி, வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925-இல் ஏற்று நடத்திய பத்திரிகை. பள்ளிக்கூடமே போகாதவர், 115 நாவல்கள் எழுதினார். அந்தக் காலத்தில் நாவல் படிக்கிற பெண்ணை வீட்டுப் பெரியவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்படியும் உங்கள் பாட்டி வாங்கியிருக்கிறார், படித்திருக்கிறார், மகளுக்கு விட்டுப்போயிருக்கிறார். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று நீளும் அந்தத் தலைமுறை நாவலாசிரியர்களின் பழைய அச்சுகள் இன்று கைக்குக் கிடைப்பது அரிது. அட்டை இல்லாவிட்டால் என்ன? அந்த நாலைந்தையும் இன்றைக்கே தனியாக எடுத்து, சுத்தமான பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பக்கங்களை விரித்து அழுத்தி ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம், முதுகு ஒடிந்துவிடும். மேலே இருந்து போனில் படம் எடுத்தால் போதும். கோதைநாயகி அம்மாள் மறைந்தது 1960-இல். ஆசிரியர் மறைந்த பிறகு 60 ஆண்டு என்ற காப்புரிமைக் கணக்கில் அவர் எழுத்து இப்போது பொதுச்சொத்து. அதைப் படம் எடுத்து நாலு பேருக்குக் கொடுப்பதில் தப்பில்லை. உங்கள் அம்மாவின் மாத நாவல்கள் அப்படியல்ல. எழுதியவர்களில் பலர் நம்மோடு இருக்கிறார்கள், இன்னும் எழுதுகிறார்கள். அவற்றை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்ஆப்பில் சுற்றவிடாதீர்கள்.

அடுத்து தம்பி. பைண்டிங் வேண்டவே வேண்டாம். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால், என்னிடம் இருந்த அறுபது இதழ்களை ஆறு ஆறாகக் கட்டச் சொல்லி ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது சிவப்பு ரெக்சினும் பொன்னெழுத்துமாகப் பளபளத்தன. திறந்து பார்த்தால் அட்டை ஒன்றுகூட இல்லை. ஓவியர்கள் ஜெயராஜ், மாருதி, அரஸ் வரைந்ததெல்லாம் பைண்டர் கிழித்துப் போட்ட குப்பையில். ஓரம் சமமாக வரவேண்டும் என்று மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வெட்டியதில் சில வரிகளின் கடைசி எழுத்தும் காலி. பொன்னெழுத்தில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை வேறு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பைண்டிங் என்றால் அப்படித்தான் செய்வார்கள்; அட்டையை விடச் சொல்லாதது நான். மாத நாவலுக்கு அட்டைதான் பாதி உயிர். மீதிப் பாதி, ஆசிரியர் பக்கமும் வாசகர் கடிதமும் "அடுத்த இதழில்" விளம்பரமும். கதை மறுபதிப்பில் எத்தனையோ தடவை வந்துவிட்டது, இனியும் வரும். இவை வராது.

கணவர் சொல்கிற எடைக்கணக்கை நீங்களே போட்டுப் பார்த்திருப்பீர்கள். சரி, காசு எவ்வளவு தேறும்? நேராகச் சொல்கிறேன். பாட்டியின் புத்தகங்கள் போக, பெட்டியில் விலை போகிறவை உங்கள் தம்பியின் காமிக்ஸ்தான். முத்து காமிக்ஸ் 1972-இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்டது. ராணி காமிக்ஸ் 1984-இல் தொடங்கி 500 இதழோடு 2005-இல் நின்றது. அந்தக் காலப் பையன்கள் எல்லாம் இன்று சம்பாதிக்கிறார்கள், இழந்த பால்யத்தைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். முழுசாக இருக்கும் ஆரம்பகால முத்து காமிக்ஸ் என்றால் ஆயிரக்கணக்கில் பேச்சு நடக்கும். மாத நாவல்களுக்கு அந்த மவுசு இல்லை. பேருந்து நிலையக் கடைகளில் தோரணமாகத் தொங்கியவை, பலமுறை மறுபதிப்பு கண்டவை. முதல் வெளியீடுகளுக்கு மட்டும் கொஞ்சம் தேடல் உண்டு. உதாரணத்துக்கு, ராஜேஷ்குமாரின் முதல் நாவலான 'வாடகைக்கு ஓர் உயிர்' மாலைமதியில் வந்தது 1980-இல். அந்த இதழ் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதே கதைக்கு வேறு வேறு அட்டை உண்டு. கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர், ஊர் எல்லாம் போட்டாக வேண்டும் என்பது அப்போது நடப்பில் இருந்த 1867-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம். அந்தப் பொடி எழுத்தும், மலர் எண், இதழ் எண், மாதம், விலையும்தான் சாட்சி.

காமிக்ஸை விற்பதா வேண்டாமா என்பதைத் தம்பி சொல்லட்டும், அவனுடையது.

இப்போது உங்களுடையது. இத்தனை நேரம் நான் சொன்னதையெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்: பெட்டியைக் கலைக்காதீர்கள். ஆசிரியர்வாரியாகப் பிரிக்கலாம், ராஜேஷ்குமார் ஒரு பக்கம், பட்டுக்கோட்டை பிரபாகர் ஒரு பக்கம், ரமணிசந்திரன் ஒரு பக்கம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். எது மேலே இருந்தது, எதற்குப் பக்கத்தில் எது என்பதிலேயே ஒரு கதை இருக்கிறது. எந்த வருஷம் அம்மா நிறையப் படித்தார், எந்த வருஷம் ஒன்றுமே வாங்கவில்லை (அந்த வருஷம் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, கையில் காசில்லையா?), எப்போது துப்பறியும் கதையிலிருந்து குடும்பக் கதைக்கு மாறினார், இதெல்லாம் அடுக்கைக் கலைத்தால் போய்விடும்.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். மேல் இதழுக்கு எண் 1. இதழ் பெயர், மாதம், வருஷம், மலர், இதழ் எண், விலை, கதை, எழுதியவர், அட்டை வரைந்தவர், கடைசிக் கட்டத்தில் அம்மாவின் பென்சில் குறிப்பு அப்படியே, அவர் எழுதிய எழுத்துப்பிழையோடு. வாடகை நூலக முத்திரை இருந்தால் அதையும் எழுதுங்கள். அம்மா திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது தெரியவரும், பரவாயில்லை. ஒரு நாளைக்கு இருபது என்றால் 35 நாளில் முடிந்துவிடும். எண்ணைப் புத்தகத்தில் எழுதாதீர்கள், ஒரு துண்டுத்தாளில் எழுதிச் செருகுங்கள்.

விட்டுப்போன இதழ்களை வாங்குவது பற்றிக் கேட்டீர்கள். எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. அம்மாவின் பெட்டியில் இருக்கும் ஓட்டைகள் அடைக்க வேண்டியவை அல்ல. அந்த மாதம் அவர் வாங்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் வாங்கியதை அதற்குள் செருகினால் ஐந்து வருஷம் கழித்து எது அம்மா படித்தது, எது கூரியரில் வந்தது என்று உங்களுக்கே தெரியாது. வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அது உங்கள் சேகரம். அதற்கு வேறு அலமாரி. அதுவும் எல்லாவற்றையும் அல்ல, ஒரு இழையைப் பிடியுங்கள்: ஒரே ஓவியரின் அட்டைகள், அல்லது நீங்கள் பிறந்த வருஷத்து இதழ்கள், அல்லது பெண்கள் எழுதிய மாத நாவல்கள் மட்டும். எல்லை இல்லாவிட்டால் அரிசி டிரம் போதாது.

அந்த டிரம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாட்டி மாமியாருக்குத் தெரியாமல் படித்திருக்கலாம், அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருக்கலாம். நீங்கள் எதற்கு ஒளிக்கிறீர்கள்? மாதம் இவ்வளவு ரூபாய், இந்த ஒரு அலமாரி, அதற்கு மேல் போகமாட்டேன் என்று கணவரிடம் கணக்காகப் பேசுங்கள். அவருக்கு எரிச்சல் புத்தகத்தின் மேல் அல்ல, எங்கே போய் முடியுமோ என்கிற பயத்தின் மேல் என்று நினைக்கிறேன். தவிர, அரிசி இருக்கும் இடத்தில் வண்டு இருக்கும்.

பாதுகாப்பு முறைகள் கொஞ்சம். இந்தக் காகிதம் மலிவான மரக்கூழ். அமெரிக்காவில் 1896-இல் ஃபிராங்க் மன்சி என்பவர் இதே மாதிரித் தாளில் ஆர்கஸி என்ற கதைப் பத்திரிகையை அச்சடித்து மலிவாக விற்றார். 'பல்ப்' என்ற பெயரே அந்தக் கூழால் வந்தது. மரத்தில் உள்ள லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும், அமிலம் ஊறும், தாள் அப்பளமாக நொறுங்கும். நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில் காற்றாட விடுங்கள். செலோடேப் ஒட்டவே கூடாது. லேமினேஷன் அதைவிட மோசம். துருப்பிடித்த பின்னை நகத்தால் இழுக்காமல், பின்பக்கம் மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு வெள்ளை நூலால் ஒரு தையல் போடலாம். முக்கியமான இதழ்களுக்கு மட்டும் ரெடிமேட் துணிக்குப் போடும் பாலிப்ரொப்பிலீன் கவர் போதும்; பள்ளி நோட்டுக்குப் போடுகிற மொத்தமான பிவிசி அட்டை தாளைக் கெடுக்கும்.

இராமபாணப் பூச்சி அரித்த தடம் இருக்கிறதா? இருந்தால், அந்த இதழ்களைக் காற்றுப் புகாத கவரில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கக் கவரைப் பிரிக்கக் கூடாது, வியர்த்துவிடும். வேப்பிலை வைப்பதானால் சருகாகக் காய்ந்ததைத் துணியில் முடிந்து மூலையில் போடுங்கள். பச்சை இலையைப் பக்கத்துக்கு நடுவில் வைத்தால் கறைதான் மிஞ்சும். பெட்டி தரையில் வேண்டாம், மழை பெய்தால் ஊறும் வெளிச்சுவர் ஓரம் வேண்டாம், இரண்டு செங்கல் மேல் பலகை போட்டு வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கீழ்த்தட்டுப் புத்தகங்களை இழந்தவர்கள் சொல்வார்கள்.

நாளைக்கு உங்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் ஒரு வழி இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் நாவல், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, நாட்டைவிட்டுக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது. ஜகன்மோகினியைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப்போங்கள்.

கடைசியாக, முடிவில்லாத அந்த நாவல். தலைப்பு, மலர், இதழ் எண் மூன்றையும் எழுதி இந்தப் பத்திரிகை முகவரிக்கே அனுப்புங்கள். என்னிடம் அந்த இதழ் இருந்தால் விட்டுப்போன பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிவைக்கிறேன். கொலைகாரன் யார் என்று மட்டும் கடிதத்தில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.