தோப்பை வைத்து மகனை எம்.எஸ். அனுப்பலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறோம், 16 தறி. இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பும் ஒரு வீடும் உண்டு. மகன் இ.இ.இ. முடித்து, பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் 32,000 சம்பளத்தில் இருக்கிறான். அமெரிக்காவில் எலெக்ட்ரிக்கல் அண்ட் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து 50 லட்சம் ஆகுமாம். தோப்பை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார் என் மச்சான். வாங்கலாமா?

பதில்: முதலில் தோப்பு. கடன் நின்றுபோனால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்து ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் விவசாய பூமிக்குப் பொருந்தாது. அதனால் கல்விக் கடனுக்குத் தோப்பைப் பிணையாக எடுக்க வங்கிகள் பெரும்பாலும் ஒப்புவதில்லை. வீடு, அப்ரூவ்டு சைட், டெபாசிட் இவற்றைத்தான் கேட்பார்கள். உங்கள் வீடு பூர்வீக இடத்தில் இருந்து, பட்டாவும் இன்னும் கூட்டுப் பட்டாவாகவே இருந்தால், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் கொடுத்த பிறகும் வங்கி வக்கீல் பங்காளிகள் கையெழுத்து வேண்டும் என்று எழுதிவிடுவார். அந்தப் பேச்சு நம் ஊரில் எத்தனை மாதம் இழுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வங்கியில் ஆகவில்லை என்றதும், தோப்பைக் கிரயம் எழுதிக் கொடுத்தால் பணம் புரட்டித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, வீட்டை வைத்தே 50 லட்சம் கிடைக்கிறது, வட்டி 10.5% என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 12.5 லட்சம் வீதம் நான்கு தவணையாக எடுக்கிறீர்கள். படிப்பு 2 ஆண்டு, அதற்குப் பிறகு 1 ஆண்டு அவகாசம். இந்தக் காலத்துக்குத் தனி வட்டியே என்றாலும் 11.8 லட்சம் ஏறிவிடும். மொத்தம் 61.8 லட்சத்தை 10 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 83,400 கட்ட வேண்டும். வட்டியை அப்போதைக்கப்போது கட்டிவிடலாம் என்றால், முழுப் பணமும் எடுத்த பிறகு அதுவே மாதம் 43,750. 2022லும் 2025லும் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தி வைத்தது உங்களுக்கே தெரியும். அந்த வருமானத்தை நம்பி இதில் இறங்க முடியாது.

இந்த மாதிரிக் கடனுக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: தம்பி திரும்பி வந்து கோயமுத்தூரிலேயே வேலைக்குப் போனால் அந்தச் சம்பளத்தில் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா? முடியாது. அங்கேயே இருந்துவிடுவான் என்று கணக்குப் போடவும் முடியாது. படிப்பு முடிந்ததும் 12 மாதம், இந்தத் துறை என்பதால் இன்னும் 24 மாதம் வேலை பார்க்கலாம். அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசா வேண்டும். ஆண்டுக்கு 85,000 இடம். அதில் 20,000 அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு. ஆனாலும் குலுக்கல் குலுக்கல்தான்.

இன்னொன்று பலர் கேட்பதே இல்லை: இந்த எம்.எஸ்.ஸில் ஆராய்ச்சி உண்டா, வெறும் பேப்பர்கள்தானா? 30 கிரெடிட், அதாவது பத்துப் பேப்பர் எழுதி முடிக்கும் படிப்புக்குக் காசு நாம்தான் கட்டுகிறோம். பிஎச்.டி.க்கு அங்கே ஃபீஸையும் பெரும்பாலும் அவர்களே ஏற்று, மாதம் உதவித்தொகையும் தருவார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்னியல்-கணினித் துறையில் வெளியாட்களுக்கு எம்.எஸ். மட்டும் படிக்கும் சேர்க்கையே கிடையாது, பிஎச்.டி.க்குத்தான் எடுக்கிறார்கள்.

அதனால் இந்த ஆண்டு சேர்க்கையைத் தள்ளி வைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் கேட்கச் சொல்லுங்கள். அதற்குள் தம்பி என்.பி.டி.இ.எல். தளத்தில் பவர் எலெக்ட்ரானிக்ஸ், மெஷின் லேர்னிங் இரண்டையும் படிக்கட்டும். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடம், பார்க்கக் காசில்லை. நிகழ்தகவு, மேட்ரிக்ஸ் கணக்கில்தான் நம் பிள்ளைகள் வழுக்குவார்கள். தம்பிக்கு அது வருகிறதா என்று 12 வாரத்தில் தெரிந்துவிடும். பிப்ரவரியில் கேட் தேர்வும் எழுதட்டும். மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். அந்த வழியில் எம்.இ., எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை, 24 மாதத்துக்கு 2,97,600. பெரிய பணமில்லைதான். ஆனால் வீட்டுப் பத்திரம் உங்கள் பீரோவிலேயே இருக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் என்றால், மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டப் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்குப் பிணையில்லாமல் கடனும், 10 லட்சம் வரை 3% வட்டி மானியமும் கேட்கலாம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் போயே தீருவேன் என்றால் ஃபீஸ் குறைந்த பல்கலைக்கழகமாகத் தேடி, கடனை 25 லட்சத்துக்குள் நிறுத்துங்கள், தவணை பாதியாகும். சீட்டுப் பணம், நகைக்கடன் வேண்டாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம் இல்லை, கையிலிருக்கும் பணத்தை அனுப்பினால் 10 லட்சத்துக்கு மேல் பிடிப்பார்கள். விமானம் ஏறும் முன் தம்பி பேரில் கடன் தொகைக்குக் குறையாமல் டேர்ம் ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்துவிடுங்கள்.