குழாயில் படியும் வெள்ளைக் கறை

கேள்வி: போர்வெல் தண்ணீரால் குழாய், ஷவரெல்லாம் வெள்ளையாகப் படிந்துவிட்டது. கைக்குழந்தை இருப்பதால் ஆசிட் வாங்கப் பயம். வீட்டிலேயே ஏதாவது செய்யலாமா?
– வாசகி, ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: தாராளமாகச் செய்யலாம். அந்தப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சோப்புக்கு அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பழைய துணியை நனைத்துக் குழாயில் சுற்றி வையுங்கள். அரை மணி கழித்து டூத்பிரஷால் தேய்த்து நன்றாகக் கழுவிவிடுங்கள். எங்கள் மல்லேஸ்வரம் வீட்டிலும் போர்வெல்தான். பல வருடமாக இதுதான் கைகொடுக்கிறது. பூஜைப் பித்தளைக்கு வினிகர்கூட வேண்டாம், புளியே போதும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்துக் கலக்கச் சொல்வார்கள். நுரை பொங்கும், சரி. ஆனால் ஒன்றின் வீரியத்தை மற்றொன்று போக்கிவிடும். சோடாவைத் தனியாக சிங்க் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

மார்பிள் பக்கம் மட்டும் வினிகரைக் கொண்டுபோகாதீர்கள். மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான், பளபளப்பு போய்விடும். அங்கே வெதுவெதுப்பான தண்ணீரும் ஈரத்துணியும் போதும்.

அப்புறம், கைக்குழந்தை என்கிறீர்களே, அதனால் அழுத்திச் சொல்கிறேன்: பிளீச்சோடு வினிகர் சேரவே கூடாது. நச்சான குளோரின் வாயு வரும். பாத்ரூமில் பிளீச் போட்ட அன்று வினிகரைத் தொடாதீர்கள்.