வேக் கவுண்டிக்குப் பிள்ளைகளோடு வருகிற தம்பிக்கு: டிராக் பள்ளி பற்றி

தம்பி, வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில் வேலை கிடைத்து ஆகஸ்டில் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு. வேக் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) மோரிஸ்வில் பக்கம் வீடு பார்க்கிறீர்கள். அங்கே ஆண்டு முழுக்கப் பள்ளி நடக்குமாமே, சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. கலிஃபோர்னியாவில் இருக்கும் உங்கள் அண்ணன் "வேண்டவே வேண்டாம்" என்கிறாராம். கூடவே கார், குளிர் உடை, மளிகைக் கடை என்று இன்னும் நாலைந்து கேள்விகள்.

அவற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். மளிகைக்கு மோரிஸ்வில்லிலும் பக்கத்து ஊரான கேரியிலும் குறையே இல்லை. குளிர் ஒன்றும் பெரிய குளிர் இல்லை, உடையை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். காரைப் பற்றி அலுவலகத்தில் கேளுங்கள், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பள்ளிக்கூடத்துக்குத்தான் நீளமாகப் பதில் எழுதப் போகிறேன். உங்கள் மனைவியும் படிக்கட்டும், ஏனென்றால் இதன் பாரம் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆண்டு முழுக்கப் பள்ளி என்றால் பிள்ளை ஆண்டு முழுக்கப் படிக்கிறது என்று அர்த்தம் இல்லை. மற்ற பள்ளிகளைப் போல இங்கேயும் சுமார் 180 நாள்தான் வகுப்பு. கோடையில் மொத்தமாகக் கிடைக்கும் பத்துப் பதினோரு வார விடுமுறையைத் துண்டு துண்டாக வெட்டி ஆண்டு முழுக்கப் பரப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான். 45 நாள் வகுப்பு, 15 நாள் விடுமுறை. பள்ளி நாளாக எண்ணினால் 15, வீட்டில் இருக்கும் கணக்கில் மூன்று வாரம். இந்த மூன்று வாரத்தைத்தான் எல்லாரும் 'டிராக்-அவுட்' என்பார்கள்.

பிள்ளைகளை நான்கு டிராக்காக, அதாவது நான்கு குழுவாகப் பிரித்திருப்பார்கள். டிராக் பள்ளி என்ற பேச்சு அதனால்தான். எந்த நேரத்திலும் மூன்று டிராக் பள்ளியில் இருக்கும், ஒன்று வீட்டில் இருக்கும். நம்மூர் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போலத்தான் இதுவும். 750 பேருக்குக் கட்டிய பள்ளியில் இப்படி 1000 பேரைச் சேர்க்கலாம். இந்த ஏற்பாடு இங்கே பரவியதற்குப் பெரிய காரணம் இந்தக் கணக்குதான். கவுண்டியின் மக்கள்தொகை மளமளவென்று ஏறியது, கட்டடம் கட்டும் வேகம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. படிப்பு முன்னேறும் என்பதெல்லாம் அப்புறம் சேர்ந்த பேச்சு.

உங்கள் அண்ணன் சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. அவர் பார்த்தது வேறு. லாஸ் ஏஞ்சலிஸில் 'கான்செப்ட் 6' என்று ஒரு நாட்காட்டி இருந்தது. பள்ளிகள் நிரம்பி வழிந்ததால் பிள்ளைகளுக்கு 180 நாளுக்குப் பதில் 163 நாள்தான் வகுப்பு, அதை ஈடுகட்ட ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் நேரம். ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில்தான் அது அதிகம். வழக்கு நடந்து, 2004-இல் ஏற்பட்ட வில்லியம்ஸ் உடன்பாட்டின்படி 2012-க்குள் அதை ஒழிக்க வேண்டும் என்று ஆனது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு வேக் கவுண்டியை எடை போட முடியாது. இங்கே ஒரு நாள்கூடக் குறையாது.

நாங்கள் வந்து இறங்கியது 2007 ஜூலை. அந்த ஆண்டுதான் 22 பள்ளிகளை ஒரேயடியாக ஆண்டு முழுக்க நாட்காட்டிக்கு மாற்றினார்கள். பெற்றோர் கொதித்துப்போய் 'வேக் கேர்ஸ்' என்று அமைப்பு தொடங்கி வழக்குப் போட்டிருந்தார்கள். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையை இந்த நாட்காட்டியில் போடக்கூடாது என்று நீதிபதி ஹோவர்ட் மானிங் அந்த மே மாதம் தீர்ப்புச் சொல்லியிருந்தார். 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2009-இல் மாநில உச்ச நீதிமன்றமும் பள்ளி வாரியத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று முடித்துவைத்தது. ஆனால் ஜனங்களின் கோபம் தீர்ப்போடு அடங்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த பள்ளி வாரியத் தேர்தலில் பெரும்பான்மையே கைமாறியது. பிள்ளைகளைத் தூரப் பள்ளிகளுக்குப் பேருந்தில் அனுப்பும் கொள்கையும் இந்த நாட்காட்டியும்தான் அந்தத் தேர்தலின் பேச்சு.

எங்கள் குடியிருப்பில் அப்போது இரண்டு பேர் சந்தித்தால் இதைத்தான் பேசுவார்கள். ஒன்றைக் கவனித்தேன். தானாக விரும்பிச் சேர்த்த பெற்றோர் டிராக் பள்ளியைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். வலுக்கட்டாயமாக மாற்றப்பட்டவர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஒரே பள்ளி, அதே ஆசிரியர்கள், அதே 45-க்கு 15. அதனால் யாராவது நல்லது என்றோ கெட்டது என்றோ அடித்துச் சொன்னால், "நீங்களே கேட்டுச் சேர்ந்தீர்களா?" என்று முதலில் விசாரியுங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் கதை இதுதான். விமானம் ஏறும் முன்பே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் பேசி ஒப்பந்தம் போட்டோம். பக்கத்துப் பள்ளியின் பெயரைச் சொல்லி, "நடந்தே போகலாம், உங்கள் பள்ளி அதுதான்" என்றார்கள். வந்து பார்த்தால் அந்தப் பள்ளி நிரம்பிவிட்டதால் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு இடம் இல்லை. இதைத்தான் 'கேப்' போட்ட பள்ளி என்கிறார்கள். ஐந்தாறு மைல் தள்ளி வேறு பள்ளி கிடைத்தது. வீட்டில் ஒரு கார், அதை என் கணவர் அலுவலகத்துக்கு எடுத்துப் போய்விடுவார். எனக்கு ஓட்டவும் தெரியாது. மகள் அழுதுகொண்டே மஞ்சள் பேருந்தில் ஏறுவாள். இரண்டு வாரத்தில் ஒரு தோழி கிடைத்தாள், முகத்தில் சிரிப்பு வந்தது. உடனே டிராக்-அவுட். மூன்று வாரம் கழித்துத் திரும்பப் போகும்போது மறுபடி முதல் நாள் போலவே அழுகை. எங்கள் கட்டடத்தில் இருந்த மற்ற இரண்டு தமிழ்ப் பிள்ளைகளும் வேறு வேறு டிராக். இவள் வீட்டில் இருக்கும்போது அவர்கள் பள்ளியில் இருப்பார்கள். ஒரே மாடியில் இருந்தும் சேர்ந்து விளையாட நாள் அமையவில்லை.

குடியிருப்பு அலுவலகம் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான். கவுண்டிப் பள்ளி நிர்வாகத்தின் தளத்தில் முகவரியைப் போட்டால் எந்தப் பள்ளி என்று காட்டும். அந்தப் பள்ளிக்கு கேப் இருக்கிறதா, என்ன நாட்காட்டி, எந்த டிராக்கில் இடம் இருக்கிறது, இந்த மூன்றையும் தொலைபேசியில் கேட்டுவிட்டு அப்புறம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் ஆகஸ்டில் வருகிறீர்கள். டிராக் பள்ளி ஜூலையிலேயே தொடங்கிவிடும். அதாவது சின்னவன் நடுவில் போய்ச் சேருவான், எந்த டிராக்கில் இடம் மிச்சம் இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். வழக்கமான நாட்காட்டிக்கு நெருக்கமாக இருப்பதால் நாலாவது டிராக்குக்கு எப்போதும் அடிதடி. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மூத்தவள் ஒன்பதாவது. இங்கே உயர்நிலைப் பள்ளிகள் அனேகமாக எல்லாமே வழக்கமான நாட்காட்டிதான். 2004-இல் மாநிலச் சட்டமன்றம் போட்டு, பின்னால் தேதிகளைத் திருத்திய சட்டப்படி அவை ஆகஸ்ட் 26-ஐ ஒட்டிய திங்கட்கிழமைக்கு முன் தொடங்கக்கூடாது, ஜூன் 11-ஐ ஒட்டிய வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும். கடற்கரை, மலைப் பக்கச் சுற்றுலாத் தொழில்காரர்கள் அதற்காகப் பாடுபட்டார்கள். ஆண்டு முழுக்கப் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. விளைவு, உங்கள் வீட்டில் இரண்டு நாட்காட்டி ஓடும். சின்னவனுக்கு ஜூலையில் வகுப்பு, பெரியவளுக்கு விடுமுறை. ஊருக்குப் போவதாக இருந்தால் இருவருக்கும் ஒத்துவரும் நாட்களைத் தேடித்தான் டிக்கெட் போட வேண்டும். வழக்கமான நாட்காட்டிதான் வேண்டும் என்றால் அதற்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது, ஆனால் அந்தப் பள்ளி தூரமாக அமையலாம், போய்வர நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டியும் வரலாம்.

படிப்பு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஸ்டீவன் மக்மலன், கேத்ரின் ரவுஸ் என்ற இருவர் 2007-இல் இங்கே நடந்த அந்தக் கட்டாய மாற்றத்தையே எடுத்து ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். சராசரி மாணவரின் மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் 2003-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மிகச் சிறிய நன்மை தெரிந்தது, வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக. ஆகவே படிப்புக்காகச் சேர்க்கவும் வேண்டாம், படிப்பு கெடும் என்று பயப்படவும் வேண்டாம்.

நம்மவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்து வீட்டையே அதற்காக வாங்குகிறார்கள். டிராக்-அவுட் வந்ததும் காலையில் கணிதம், மதியம் ஆங்கிலம், மாலையில் சதுரங்கம் என்று மூன்று வாரத்தையும் அடைத்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு மூச்சுவிட நேரம் கொடுப்பதற்கு வந்த இடைவெளி அது. ஏழு வயதுப் பிள்ளை மூன்று வாரமும் வகுப்பு வகுப்பாக அலைவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. இன்னும் சிலர் புதிதாக வருகிறவர்களிடம், "உங்கள் மனைவி வீட்டில்தானே இருப்பார், டிராக்-அவுட் ஒன்றும் பிரச்சினை இல்லை" என்பார்கள். எனக்குப் பொறுக்காத பேச்சு இது. ஊரில் வங்கியில் நல்ல வேலையில் இருந்தவள் நான். வேலை விசாவில் வருகிறவரின் துணைக்குத் தரும் ஹெச்-4 விசாவில் வந்ததால் வேலைக்குப் போக அனுமதி இல்லை. கிரீன் கார்டு வரிசையில் ஒரு கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைக்கு 2015-இல்தான் அந்த அனுமதி வந்தது. அனுமதி கையில் வந்த பிறகு பார்த்தால் அடுத்த தடை இந்த மூன்று வாரங்கள். ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் விடுப்பு எந்த முதலாளி கொடுப்பார்? ஆண்டு முழுக்க நாட்காட்டி உள்ள இடங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகளின் தாய்மார் வேலையில் இருப்பது குறைகிறது என்று ஜெனிபர் கிரேவ்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் எழுதியிருக்கிறார். எங்கள் தெருவில் அதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

உங்கள் மனைவி வேலைக்குப் போகும் எண்ணத்தில் இருந்தால் டிராக்-அவுட் முகாம்களுக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள். மாநகராட்சிப் பூங்காத் துறைகள் நடத்தும் முகாம்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், பதிவு திறக்கும் நாளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியை வரவழைத்துச் சமாளிக்கலாம் என்று பலர் நினைப்பார்கள். அவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம்தான் தங்க விடுவார்கள், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு நடக்கிற காரியமா?

ஊருக்குப் போவதில் இன்னொரு எச்சரிக்கை. டிராக்-அவுட்டோடு கூட ஒரு வாரம் சேர்த்துப் போய்விட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அனுமதி இல்லாத விடுப்பு மூன்றானதுமே பள்ளி உங்களைக் கூப்பிட்டுச் சொல்லும், ஆறானால் கடிதம் வரும், பத்தானால் சட்டப் பிரச்சினைவரை போகலாம். முன்கூட்டியே எழுதிக்கொடுத்துக் கேளுங்கள். பயணத்தைக் கல்வி வாய்ப்பாக ஏற்றுத் தலைமையாசிரியர் அனுமதி தர விதியில் இடம் இருக்கிறது. அப்புறம், சேர்க்கையின்போது தடுப்பூசிப் பதிவு வேண்டும், மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும்போதே தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வைக்காதீர்கள்.

இவ்வளவு சொன்னதால் நான் டிராக் பள்ளிக்கு எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டிலேயே நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் அந்த மூன்று வாரங்கள் எங்களுக்கு வரமாகவே ஆயின. அக்டோபரில் புளூ ரிட்ஜ் மலையில் இலைகள் நிறம் மாறும்போது வார நாட்களில் கூட்டமே இல்லாமல் போய் வந்தோம். கோடைக்குப் பின்னால் வெறிச்சோடிக் கிடந்த அவுட்டர் பேங்க்ஸ் கடற்கரையில் மகள் நாள் முழுக்கச் சிப்பி பொறுக்கியிருக்கிறாள். ஒரு முறை குளிர்கால விடுமுறையோடு டிராக்-அவுட்டும் ஒட்டி வந்தது, பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். கோடை விடுமுறையில் போகிற பிள்ளைகளுக்கு ஊர் என்றால் ஜூலை வெயில், பள்ளிக்குப் போய்விட்ட மாமா பிள்ளைகள், ஆள் இல்லாத வீடு. என் மகள் மாட்டுப் பொங்கல் பார்த்தாள். கொம்புக்கு வண்ணம் அடிக்க என் அப்பா அவள் கையில் தூரிகையைக் கொடுத்தார். அந்தப் பயணத்துக்கு அப்புறம்தான் அவளுக்குத் தமிழ் சரளமாக வாயில் வந்தது.

ஆகவே தம்பி, சின்னவனுக்கு டிராக் பள்ளி தாராளமாக ஒத்துவரும், வேலைக்குப் போவது பற்றி உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்பதைக் கேட்டு முடிவு செய்தால். முகவரி உறுதியானதும் பள்ளியின் பெயரையும் டிராக்கையும் எழுதி அனுப்புங்கள். அந்த டிராக்கின் முதல் இடைவெளி எப்போது வருகிறது, அதற்கு எந்த முகாமில் இடம் கிடைக்கும் என்று விசாரித்து நான் சொல்கிறேன்.