மீதி 400 ராண்ட்

அன்புள்ள அண்ணா,

நான் டர்பன் பீனிக்ஸில் இருக்கிறேன். என் மகளுக்குப் பத்தொன்பது வயது, நன்றாகப் பாடுவாள். ஒரு இசைக்குழுவில் சேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் அப்பாவுக்கு இஷ்டமில்லை. போன மாதம் மூன்று பேரும் உட்கார்ந்து சினிமா உலகத்தைப் பற்றிய படங்களாகப் பார்த்தோம்: 'சன்செட் புலவார்ட்', 'சிங்கிங் இன் தி ரெயின்', 'நடிகையர் திலகம்'. "சினிமாக்காரர்களே சொல்கிறார்கள் பார், கடைசியில் கண்ணீர்தான் மிச்சம்" என்கிறார் அவர். "அது வெறும் படம்பா" என்கிறாள் மகள். இந்தப் படங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் படங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் சினிமா தன் கண்ணீரைக் காட்டுகிற அளவுக்குத் தன் கணக்கு நோட்டைக் காட்டாது. உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த நோட்டைத்தான்.

நட்சத்திரம் விழுவதைக் காட்ட அந்தத் தொழில் கூச்சப்படுவதே இல்லை. அதுவும் விற்கிற சரக்குதான். 'சன்செட் புலவார்ட்' 1950ல் வந்த படம். மவுசு போன நடிகை, தன் வீட்டுக் கூடத்தில் தன் பழைய படத்தையே ஓட்டச் சொல்லிப் பார்க்கிறாள் அல்லவா? அது குளோரியா ஸ்வான்சன் நிஜமாகவே நடித்த பழைய படம். அதை இயக்கியவர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம். அவரைத்தான் இந்தப் படத்தில் அவளுடைய வேலைக்காரனாக நடிக்க வைத்தார்கள். சொந்த வீட்டு இடிபாட்டையே செட்டாகப் போட்ட மாதிரி. நெஞ்சை அடைக்கிற படம், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் மகளுக்கு இப்போது அந்த உயரத்திலிருந்து விழுகிற ஆபத்து இல்லை. அவளுக்கு வரக்கூடிய கஷ்டம் வேறு.

அதற்கு 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தை இன்னொரு முறை பாருங்கள். 1952ல் வந்தது, கதை நடப்பது 1927ல். ஊமைப்பட நாயகி லீனாவுக்குக் கீச்சுக் குரல். பேசும்படம் வந்ததும் கேத்தி என்ற பெண்ணின் குரலை அவள் வாயில் ஒட்டுகிறார்கள். கடைசியில் திரையை இழுத்து, பாடுவது இவள்தான் என்று ஊரறியக் காட்டுகிறார்கள். நாமும் நியாயம் ஜெயித்தது என்று கைதட்டுகிறோம். சரி, படம் எடுத்த இடத்தில் நடந்தது என்ன? லீனாவுக்காகக் கேத்தி பாடுவதாக வரும் 'வுட் யூ' பாட்டை, கேத்தியாக நடித்த டெப்பி ரெனால்ட்ஸ் பாடவில்லை. பெட்டி நோயஸ் என்ற பாடகி பாடினார். அவர் பெயர் டைட்டிலில் கிடையாது. கேத்தி லீனாவுக்காக வசனத்துக்குக் குரல் கொடுக்கும் இடத்தில் நம் காதில் விழுவதோ, லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல்! குரல் திருட்டைக் கண்டிக்கிற படத்துக்குள்ளேயே குரல் கொடுத்தவள் பெயரில்லாமல் போனாள்.

நம் பக்கமும் இதே கதைதான். 1949ல் வந்த 'மஹல்' இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு ஊரையே கட்டிப்போட்டது. இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று இருந்தது. காமினி என்பது மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர்.

நம் தென்னாப்பிரிக்கக் கதை இதைவிடக் கொடுமை. 1939ல் ஜோஹன்னஸ்பர்க் ஸ்டூடியோ ஒன்றில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 'எம்பூபே' என்ற பாட்டைப் பாடினார். சில வரிகளை ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக இழுத்துப் பாடினார். அமெரிக்காவில் அது 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆகி உலகமெங்கும் போனது. லிண்டா 1962ல் ஏழையாகவே இறந்தார். அவர் குடும்பம் வழக்குப் போட்டு, 2006ல்தான் ஒரு சமரசம் வந்தது. ஆசிரியர் இறந்து 25 வருஷத்துக்குப் பிறகு உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற பழைய பிரிட்டிஷ் சட்ட விதி ஒன்று அந்த வழக்குக்குக் கைகொடுத்தது. எழுத்தில் இருக்கிற ஒரு வரியின் பலம் எவ்வளவு என்று இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சித்தப்பா. இதே டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வாரநாளில் துணித் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறில் ஆர்கெஸ்ட்ராவில் அக்கார்டியன். இங்கே இந்தியர்களுக்கு எதிராக இருந்த பாகுபாட்டைக் கண்டித்து இந்தியா 1946லேயே இந்த நாட்டோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டது. டெலிவிஷன் இங்கே வந்ததே 1976ல். சென்னைப் பாடகர்கள் சுலபமாக வந்து பாடக்கூடிய காலமும் இல்லை. கல்யாணம், கோயில் திருவிழா எதுவானாலும் சித்தப்பா மாதிரி ஆட்கள்தான் சினிமாப் பாட்டை நம் ஜனங்களிடம் உயிரோடு வைத்திருந்தார்கள்.

அவருக்கு உயிரான படம் 'சர்வர் சுந்தரம்'. அதில் 'அவளுக்கென்ன' பாட்டில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டுவார்கள். டி.எம். சௌந்தரராஜன் பாடுவார், எம்.எஸ். விஸ்வநாதன் கையசைப்பார். சித்தப்பா அவர்கள் இருவரையும் பார்க்க மாட்டார். கூட வாசிக்கிறவர்களின் விரல்களைத்தான் பார்ப்பார். "அவங்க பேர ஏன்டா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

தொண்ணூறுகளில் கதவு திறந்தது. சென்னையிலிருந்து ஒரு பாடகர் வந்தார், பக்கவாத்தியம் உள்ளூர் ஆட்கள். மூன்று வாரம் எங்கள் கராஜில் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு சித்தப்பாவும் மற்றவர்களும் 28 பாட்டு பழகினார்கள். சுவரொட்டியில் பாடகர் முகம் மட்டும். நிகழ்ச்சி நடத்தியவர் பாதிப் பணம் முன்னால் கொடுத்தார், மீதி முடிந்ததும் தருவதாகச் சொன்னார். ஒப்பந்தம் எதுவும் இல்லை.

சித்தப்பாவின் பாட்டு நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. முன்பக்கமெல்லாம் ஸ்வரம். பின்னட்டைக்கு உள்பக்கம் 'மீதி 400 ராண்ட்' என்று நீல மையில் ஒரு தேதியோடு எழுதியிருக்கிறார். அடுத்த மாதத் தேதி போட்டு மறுபடியும் அதே வரி, கறுப்பு மையில். இப்படி ஐந்து தடவை. கடைசி வரி பென்சிலில் இருக்கிறது, பாதி அழிந்துவிட்டது.

அதனால் மகளைத் தடுக்காதீர்கள். பாடப் போகட்டும். அவள் அப்பா கூடப் போய், ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு, எப்போது தருவார்கள், சுவரொட்டியிலும் பதிவிலும் பெயர் வருமா என்று கேட்டு எழுத்தில் வாங்கட்டும். சொந்தமாகப் பாட்டு கட்டினால், பாட்டைக் கட்டியவர்களுக்கு உரிமைப் பணம் வாங்கித் தரும் சாம்ரோ அமைப்பில் பதிய வேண்டும். பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும், பதிவு வானொலியில் ஒலிக்கும்போது வரவேண்டிய பங்குக்குச் சாம்ப்ரா என்ற அமைப்பு இருக்கிறது. இரண்டும் வேறு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். "அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு ஒத்திகையை அதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வீட்டுக்கு வாருங்கள். 'சர்வர் சுந்தரம்' போடுகிறேன். மகள் விரும்பினால் சித்தப்பாவின் நோட்டிலிருந்து ஒரு பாட்டை எடுத்துப் பாடட்டும்.

அன்புடன்